பாபி ஜோன்சும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானமும்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்துக்கு இன்ன அளவு என்று வரையறுத்த மைதானம் கிடையாது. குழியின் விட்டம் 4.25 அங்குலம், அது எங்கும் மாறாது. நிலத்தின் நீளம், மேடு பள்ளம், மண், புல், காற்று ஆகியவை ஊருக்கு ஊர் மாறும். சொந்த மைதானத்தில் வல்லவரான ஒருவர் வேற்று மைதானத்திலும் வல்லவராக இருப்பாரா என்பது இந்த ஆட்டத்தில் தீராத கேள்வி. அமெரிக்க வீரர் பாபி ஜோன்சுக்கு (1902–1971) அந்தக் கேள்வி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எதிர்ப்பட்டது.

ஜோன்ஸ் அட்லாண்டாவில் பிறந்தவர். ஈஸ்ட் லேக் மைதானத்தில் ஆடி வளர்ந்தார். அங்கே பயிற்றுநராக இருந்த ஸ்டூவர்ட் மெய்டன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி ஊர்க்காரர். அவர் பின்னாலேயே நடந்து, அவர் மட்டை வீசுவதைப் பார்த்துப் பார்த்தே சிறுவன் ஆட்டம் பழகினான். ஆட்டமுறை ஸ்காட்லாந்திலிருந்து வந்துவிட்டது, நிலம் வரவில்லை. ஈஸ்ட் லேக் மரங்கள் சூழ்ந்த உள்நாட்டு மைதானம்.

செயின்ட் ஆண்ட்ரூசின் பழைய மைதானமோ கடலோர மணல் நிலம். தரை இறுகியிருப்பதால் பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் உருண்டோடும். காற்றைத் தடுக்க மரங்கள் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட மணற்பள்ளங்களில் பல, பந்தை அடிப்பவர் கண்ணுக்கே படாதவை. 14 குழிகள் ஏழு பெரிய பசுந்தரைகளை இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு இணையின் எண்களையும் கூட்டினால் 18 வரும். கொடியை நேராகக் குறிவைத்து அடிப்பது இங்கே பல வேளைகளில் தவறாகும். அடுத்த அடியை எங்கிருந்து அடிப்பது நல்லது என்று முதலில் எண்ண வேண்டும். புதிதாக வருபவருக்கு இது எளிதில் பிடிபடாது.

1921-இல் 19 வயது ஜோன்ஸ் ஓபன் போட்டிக்காக அங்கு வந்தார். மூன்றாம் சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் ஆயின. பத்தாம் குழிக்கு ஆறு. பதினொன்றாம் குழியில் மணலில் சிக்கிய பின், சுற்றை முடிக்காமல் பந்தை எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். கோபத்தில் மதிப்பெண் அட்டையைக் கிழித்தார் என்ற கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. கிழித்தாரோ இல்லையோ, பாதியில் கைவிட்டதைப் பிற்காலத்தில் அவரே வெட்கத்துடன் எழுதினார்.

அந்த மைதானத்தை வெறுத்து ஒதுக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்தார். 1926-இல் வாக்கர் கோப்பைக்காக அங்கு ஆடினார். மறு ஆண்டு அதே மண்ணில் 285 அடிகளில், ஆறு அடி வித்தியாசத்தில் ஓபன் பட்டத்தை வென்றார். கோப்பை அமெரிக்காவுக்குப் போகாமல் செயின்ட் ஆண்ட்ரூசிலேயே இருக்கட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டது ஊராரின் மனத்தைத் தொட்டது. 1930-இல் நான்கு பெரும் பட்டங்களை ஒரே ஆண்டில் வென்றபோது, முதலாவதான பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் அங்கேதான் கிடைத்தது. பின்னர் அலிஸ்டர் மெக்கன்சியுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அகஸ்டா மைதானத்தின் அகன்ற புல்வெளிகளில் பழைய மைதானத்தின் சாயல் தெரியும்.

பல முறை போய்ப் பழகினால்தான் ஆகும் என்றும் சொல்வதற்கில்லை. பென் ஹோகன் தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் ஓபன் போட்டியில் ஆடினார். 1953-இல், மெய்டனின் சொந்த ஊரான கார்னூஸ்டிக்கு முன்கூட்டியே போய் மைதானத்தை அடி அடியாக ஆராய்ந்தார். 73, 71, 70, 68 என்று சுற்றுக்குச் சுற்று அடிகள் குறைந்தன; பட்டமும் கிடைத்தது. ஆனால் ஹோகனின் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதல்ல.

1958-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் ஜோன்சுக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. அதற்கு முன் அந்தப் பெருமையைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்கிளின் ஒருவரே. அப்போது ஜோன்ஸ் தண்டுவட நோயால் நடக்கவே சிரமப்பட்டார். ஆட்டத்தை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மறைந்த பின் பழைய மைதானத்தின் பத்தாம் குழிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் கடைசியாக ஆடிய சுற்று 1948-இல், ஈஸ்ட் லேக்கில்.