இருபதிலிருந்து ஏழுக்கு: இந்திய ரக்பியும் ஓட்டத்தின் சுமையும்

தில்லி லோதி ரோட்டை ஒட்டிய ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் 2010 அக்டோபர் 3 அன்று காமன்வெல்த் போட்டிகள் தொடங்கின. அவற்றின் ரக்பி ஆட்டங்கள் அக்டோபர் 11, 12 ஆகிய நாள்களில் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் நடைபெற்றன. ஆடப்பட்டது அணிக்கு எழுவர் கொண்ட வடிவம்.

1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் நடந்த ஆட்டத்திலோ அணிக்கு இருபதின்மர். அந்நெரிசலில் ஓட்டத்தைவிடத் தள்ளுவலிமையே முதன்மை பெற்றது. 1877இல் சர்வதேச ஆட்டம் பதினைவராகக் குறைந்தது. 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸில் எழுவர் ஆட்டம் பிறந்தது.

இன்று இவ்விரு வடிவங்களுக்கும் களம் ஒன்றே. 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், பதினைவர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ 233 சதுர மீட்டர். எழுவர் ஆட்டத்தில் 500. முன்னதில் நிமிடத்திற்குச் சுமார் 70 மீட்டர் ஓடுபவர், பின்னதில் 100 மீட்டரையும் கடக்கிறார். ஆட்டம் பதினான்கே நிமிடம். ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள். ஆகவே சீரான நெடுந்தூர ஓட்டப் பயிற்சி போதாது. விரைந்தோடி, மோதி விழுந்து, எழுந்து, குறுகிய ஓய்வுக்குப்பின் மீண்டும் விரையும் பயிற்சி தேவை.

கல்கத்தா கால்பந்துக் கழகம் 1878இல் கலைந்ததற்கு வெப்பத்தைக் காரணங்காட்டுவது வழக்கம். வெப்பம் மட்டுமே தடையெனில், வெப்பமண்டலத் தீவான பிஜி 2016 ரியோ, 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பித் தங்கம் வென்றதை விளக்க இயலாது. ஆடிய படைவீரர்கள் இடம்பெயர்ந்ததும் கழகம் தளர்ந்தது. உள்ளூர் இளைஞர் எவரும் அதற்கெனப் பயிற்றப்பட்டிருக்கவில்லை. தட்பவெப்பத்தின்மீது சுமத்தப்பட்ட பழியில் பெரும்பங்கு இவ்விலக்கலுக்கே உரியது.