சொகுசு மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே! "சரக்கு நல்லா இருந்தா சின்னக் கடையும் ஜெயிக்கும்" என்றார் எதிரணி நண்பர். ஆகாயத்திலே நடந்த கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

2005-இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே இயோஸ், மேக்ஸ்ஜெட் என்று இரண்டு சின்னக் கம்பெனிகள் கிளம்பின. 2007-இல் சில்வர்ஜெட். மூன்றிலும் சொகுசு இருக்கை மட்டும்தான். இருநூறு பேர் போகக்கூடிய போயிங் 757-இல் இயோஸ் போட்டது 48 இருக்கை! டவுன் பஸ் கூட்டம்கூட இல்லை ஐயா! (சிரிப்பு)

அப்புறம் ஏன் தோற்றார்கள்? பெரிய கம்பெனியில் காலை விமானம் தவறினால் மத்தியானம் ஏறலாம். அடிக்கடி பறந்தால் பாயின்ட் வேறு. ஆபீஸ் காசில் பறந்து, சேர்ந்த பாயின்டில் பெண்டாட்டி பிள்ளையோடு ஊர் சுற்றலாம், யார் விடுவார்? (கைதட்டல்) சின்னவரிடம் இருந்ததோ விரல்விட்டு எண்ணுகிற விமானங்கள். ஒன்று பழுதானால் அட்டவணையே கவிழும்.

2007 அக்டோபரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், இயோஸும் மேக்ஸ்ஜெட்டும் இறங்குகிற ஸ்டான்ஸ்டெட்டுக்கே வந்து எதிரில் கடை விரித்தது. மேக்ஸ்ஜெட் கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மூடியது. டிக்கெட் வாங்கினவர்கள் பண்டிகை நேரத்தில் நடுவழியில் நின்றார்கள். மறுவருஷம் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது. 2008 ஏப்ரலில் இயோஸ், மே மாதம் சில்வர்ஜெட்டும் போயின. ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து மூட்டை கட்டியது. வந்த வேலை முடிந்ததல்லவா!

பாரிஸிலிருந்து 2014-இல் கிளம்பிய லா கம்பனி பறக்கிறதே என்பார் நண்பர். பறக்கட்டும், சந்தோஷம். மூழ்கின மூன்றுக்கு முதலில் பதில் சொல்லுங்கள் ஐயா!