முனிக்கு ஒரு சுருட்டு, துரைக்கு ஒரு சுங்கான்

எங்க அம்மாயி சுருட்டு குடிப்பாங்க. கொழும்பில் கூடப் படித்தவர்களிடம் இதை ஒருமுறை சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மலையில் வளர்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து லயங்களில் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தி சுருட்டு குடிக்கிற கிழவிகள் ஒரு அதிசயமே இல்லை. கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, அடுப்பு வேலையெல்லாம் முடிந்த பிறகு இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து அம்மாயி பாதிச் சுருட்டைப் பற்ற வைப்பாங்க. மீதிப் பாதி நாளைக்கு. அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது. தாத்தா கூப்பிட்டாலும் பதில் வராது. "இரு, குடிச்சிட்டு வாறேன்" என்று மட்டும் ஒரு சத்தம் வரும்.

அந்தப் பத்து நிமிஷம் என்ன யோசித்தாங்க என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆளும் இல்லை.

புகைக்கும் யோசனைக்கும் உள்ள உறவைப் பற்றி வெள்ளைக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது பைப்பு. தமிழில் அதற்குச் சுங்கான் என்று நல்ல பெயரே இருக்கிறது, இப்போது யாரும் சொல்வதில்லை. சுங்கானை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் சிந்தனையாளர், பாதிரியார், பேராசிரியர், துப்பறிவாளர். நம்ம ஊரில் என்றால் துரை. பங்களா வராந்தா, பக்கத்தில் ஒரு நாய், கீழே மலை மலையாகப் பச்சை. துரை புகை விட்டால் ஏதோ பெரிசாக யோசிக்கிறார் என்று அர்த்தம். அதே நேரம் கீழே மலையில் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தர் பீடி பற்ற வைத்தால் சோம்பேறி. கங்காணி சத்தம் போடுவார். பேர் அரைப்பேர் ஆனாலும் ஆகும்.

ஒரே இலை, ஒரே புகை. யாருடைய ஓய்வுக்கு சிந்தனை என்று பெயர், யாருடைய ஓய்வுக்கு களவு என்று பெயர் என்பதை அந்த இலை தீர்மானிக்கவில்லை. அதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

புகையிலை நம்ம மண்ணுச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. அங்கே அதை முதலில் வளர்த்த மக்கள் பலருக்கு அது பொழுதுபோக்கும் இல்லை. லகோட்டா மக்களுக்குச் சுங்கான் ஒரு புனிதப் பொருள். புகை மேலே போகும்போது வேண்டுதலும் கூடப் போகிறது. சுங்கான் கைமாறி வட்டமாகச் சுற்றி வரும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லக் கூடாது. அமெரிக்க அரசு 1883இல் அந்த மக்களின் சடங்குகள் பலவற்றைக் குற்றமாக்கியது. அவர்களின் சமயச் சுதந்திரத்தை ஏற்றுக்கொள்ளும் தனிச் சட்டம் வர 1978 ஆனது. இலையை எடுத்து உலகம் முழுக்க விற்றுக் காசு பார்த்தவர்கள், இலைக்குச் சொந்தக்காரர்களின் சாமியைத் தடை செய்தார்கள். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

போர்த்துக்கேயர் வழியாக நம்ம பக்கம் வந்த இலைக்கு நம்ம ஆட்கள் உடனே தமிழில் பெயர் வைத்தார்கள்: புகை இலை. அதோடு நிற்காமல் அதற்கு ஒரு புராணமும் செய்தார்கள். சீனிச் சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியம் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தது. அன்னத்தையும் மேகத்தையும் கிளியையும் தூது விட்ட மரபில், இவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிறார். மூன்று கடவுளும் ஆளுக்கு ஓர் இலையை ஒப்படைத்துவைக்க, திருப்பிக் கேட்கும்போது வில்வமும் துளசியும் போய்விட்டன, பிரமனுடைய இலை மட்டும் 'போகையிலை', அதுதான் புகையிலை ஆனது என்று அதில் ஒரு கதை வருகிறது. பிரமபத்திரம் என்ற பெயரும் அப்படித்தான். சிலேடைதான், விளையாட்டுதான். ஆனால் முருகனிடம் போகத் தகுதியான ஒரு தூதாகப் புகையிலையை ஒரு புலவர் நினைத்திருக்கிறார். ஊவாவில் இருக்கிற நமக்கு முருகன் என்றால் கதிர்காமம். அங்கே இந்தத் தூதை யாராவது அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்!

இலை தமிழுக்கு வந்தது போல, சொல் தமிழிலிருந்து வெளியே போனது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்பது நம்ம சுருட்டுதான். சிங்களத்திலும் சுருட்டு சுருட்டுதான். அந்தச் சொல்லை தெற்கு முழுக்கக் கொண்டுபோனவர்கள் யாழ்ப்பாணத்து வியாபாரிகள். யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய சரக்கு. பிறகு சுருட்டாகச் சுற்றப்பட்டு சிங்கள ஊர்களுக்கும் மலைநாட்டுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் சுருட்டுச் சுற்றும் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம். கியூபாவில் இதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். 1865இல் ஹவானாவில் தொடங்கிய வழக்கம் அது. குடிக்கிறவர்களுக்கு முன்னாடியே சுற்றுகிறவர்கள் மத்தியில் ஒரு கூட்டு உருவாகிவிட்டது என்று சொல்லலாம். அரசியல் பேசக் கற்றுக்கொண்ட இடம் சுருட்டுக் கொட்டில் என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தேயிலையை இறக்கத்தான் பாதை போட்டார்கள், ஆனால் வெறும் பெட்டியாக மேலே வராதே. அரிசி, கருவாடு, சுருட்டு எல்லாம் ஏறி வந்தது. டவுனில் இருந்த 'சுருட்டுக் கடை'யில் சுருட்டு மட்டும் விற்கவில்லை, பலசரக்கும் இருந்தது. ஆனாலும் பெயர் சுருட்டுக் கடைதான். சம்பளத்தன்று தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு இறங்கி வரும்போது யாழ்ப்பாணத் தமிழரும் மலையகத் தமிழரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட சில இடங்களில் அதுவும் ஒன்று. கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். சமமான பேச்சு என்று சொல்ல முடியாது. 1983 ஜூலை 27ஆம் தேதி பதுளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. அந்த நெருப்பு கல்லாவின் எந்தப் பக்கம் யார் என்று பார்க்கவில்லை.

சரி, சாமிக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மதுரை, திருச்சி, ராமநாதபுரம், சேலம் என்று பல பக்கமிருந்து 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக் காட்டுக்கு நடந்து வந்த சனங்கள் சாமியையும் கூட்டி வந்தார்கள். மாரியம்மன் வந்தாள். அவளோடு முனியாண்டியும் மதுரை வீரனும் மாடசாமியும் கருப்பனும் வந்தார்கள். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் நோய் கண்டு, பிறகு கோப்பியே அழிந்து தேயிலை வந்தது. சாமிகள் போகவில்லை. வேலைக்குத் தக்கபடி புதுச் சாமிகளும் பிறந்தார்கள். கவ்வாத்துக்கு முன் கும்பிட ஒரு கவ்வாத்துச் சாமி. தேயிலை ஸ்டோருக்கு ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கேயச் சொல் சிங்களம் வழியாக நம்மிடம் வந்தது. இயந்திரத்தில் கை போகாமல், ஆள் போகாமல் காக்கிற முனி. உலகத்தில் வேறு எங்கே ஒரு தொழிலாளர் கூட்டம் மெஷினுக்கென்று ஒரு காவல் தெய்வத்தை உருவாக்கியது என்று எனக்குத் தெரிந்து சொல்ல ஆசை, விட்டுவிடுகிறேன்.

இந்தச் சாமிகளுக்குப் படைப்பது சைவச் சாப்பாடு இல்லை. சேவல், சாராயம், சுருட்டு. முனிக்கு வைக்கிற சுருட்டைப் பற்ற வைத்துத்தான் வைக்க வேண்டும். சாமி வந்து ஆடுகிறவர் அதை வாங்கி இழுப்பார். புகைக்கு நடுவில்தான் வாக்கு வரும். தமிழ்நாட்டில் இது பழசு, மலேசியத் தோட்டங்களில் முனீஸ்வரனுக்கும் சுருட்டு உண்டு. மொரீசியஸுக்குப் போன முனீஸ்வரன் ரம்மும் சிகரெட்டும் வாங்கிக்கொள்கிறார். கரும்புக் காட்டில் என்ன கிடைத்ததோ அது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. தேயிலை ஸ்டோருக்குள் யாரும் புகைக்க முடியாது. தேயிலைத் தூள் எந்த வாசனையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும், சரக்கு கெட்டுப் போகும். துரையின் சுங்கானும் வாசலோடு சரி. ஆனால் ஸ்டோர் ஓரத்துக் கல்லில் இருக்கிற ரோதைமுனிக்கு வருஷத்தில் ஒரு நாள் சுருட்டு எரியும். அன்றைக்குத் துரைமாரும் வந்து நிற்பதுண்டு. அத்தனை பேர் முன்னாலும் சாவகாசமாக உட்கார்ந்து புகை விடுகிற ஒரே ஆள் சாமி.

சாவகாசம்தான் இங்கே விஷயம் என்று நினைக்கிறேன். காலையில் தப்புச் சத்தத்துக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, நிறுவை முடிகிற வரைக்கும் தோட்டத்தில் ஒருவருடைய நேரம் அவருடையது இல்லை. இங்கிலாந்துத் தொழிற்சாலைக் கடிகாரம் எப்படித் தொழிலாளியின் நேரத்தைப் பிடுங்கியது என்று ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதினார். நம்ம ஆட்களுக்குக் கடிகாரம் கூட வேண்டியதில்லை, தப்பும் கங்காணியும் போதும். அப்படிப்பட்ட சனங்கள் தங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற சாமிக்கு எதைக் கொடுப்பார்கள்? தங்களுக்குக் கிடைக்காததை. ஒரு முழுச் சுருட்டு, அது எரிந்து முடிகிற வரைக்கும் யாரும் தொந்தரவு செய்யாத நேரம்.

படையல் முடிந்த பிறகு மிச்சச் சுருட்டு ஆட்களிடம் வரும். ஒரே சுருட்டு நாலு கை மாறும். நேற்று வரிச்சண்டை போட்ட இரண்டு பேர் அன்றைக்கு ஒரே சுருட்டை இழுப்பார்கள். சாமி குடித்த சுருட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாதே. எல்லாக் கைக்கும் அது போனது என்று சொல்லவும் முடியாது. லயத்துக்குள் சாதி இருந்தது. சுருட்டு எந்த வரிசையில் மாறியது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்களின் கைக்கும் அது வராது. அம்மாயி குடித்தது தன் காசில், தன் இஸ்தோப்பில்.

பெண்களுக்கு மலையில் கூட்டு என்பது வெற்றிலை. வெத்தலப் பையை அவிழ்த்து, ஒருத்தி பாக்கு, ஒருத்தி சுண்ணாம்பு, ஒருத்தி ஒரு துண்டுப் புகையிலை. கையை நிறுத்தாமல் செய்ய முடிகிற ஒரே ஓய்வு அது. கொழுந்து பறிக்கிற இரண்டு கையும் வேண்டும், வாய் மட்டும்தான் சும்மா இருக்கிறது. பசிக்கும் குளிருக்கும் அதுதான் மருந்து என்று சொல்லிக்கொண்டார்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் கூசுகிறது. ஏனென்றால் அந்த வாய்தான் பிறகு புண்ணானது. பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னுக்கு நிற்கிறது, தோட்டத்தில் பெண்களையும் அது விடவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் பொது இடத்தில் புகைப்பதையும் விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடுத்தது. நல்ல சட்டம்தான், எனக்கு அதில் சண்டை இல்லை. என் சண்டை வேறு இடத்தில். "இந்தச் சனத்துக்குப் புகையிலைப் பழக்கம் போகாது" என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள், காலையிலிருந்து மத்தியானம் வரை மழையில் நிற்கிற ஒருத்திக்கு வெற்றிலையை விட்டால் வேறு என்ன ஓய்வு இருந்தது என்று ஒரு வரி பேசுவதில்லை. பழக்கத்தை எடுத்துவிட்டு அந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

கோயில்களிலும் இப்போது அதே மாதிரி ஒரு சுத்தம் நடக்கிறது. மாரியம்மனுக்குக் கோபுரம் எழும்புகிறது, குருக்கள் வருகிறார், கும்பாபிஷேகம் நடக்கிறது. சந்தோஷம். ஆனால் மரத்தடியில் கல்லாக இருந்த முனி ஒன்று உள்ளே வந்து சைவமாகிறார், இல்லாவிட்டால் மதிலுக்கு வெளியே போகிறார். படித்த பிள்ளைகள், அதாவது நாங்கள்தான், "சாமிக்குச் சாராயமும் சுருட்டுமா, வெளி ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று முதலில் வெட்கப்பட்டோம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். துரைமார் நம்மைப் பார்த்த அதே கண்ணால் நம்ம சாமியைப் பார்த்திருக்கிறேன் என்று புரிய ரொம்ப நாள் எடுத்தது.

போன வருஷம் எங்க தோட்டத்து முனி பூசைக்குப் போயிருந்தேன். சேவல் இல்லை, பூசணிக்காய் வெட்டினார்கள். சாராயத்துக்குப் பதில் இளநீர். தட்டில் ஒரே ஒரு சுருட்டு, கண்ணாடித் தாளோடு, பிரிக்காமல் இருந்தது. பூசை முடிந்து எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை செய்த ஒரு தாத்தா மட்டும் போகாமல் நின்றார்.

"என்னப்பா, சாமிக்கு யாரு பத்த வைக்கிறது?"

பூசாரிப் பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். தாத்தா இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, கண்ணாடித் தாளைக் கிழித்து, தானே பற்ற வைத்துக் கல்லின் மேல் வைத்தார். பிறகு பக்கத்தில் குந்திக்கொண்டார். ஒரு இழுவை கூட இழுக்கவில்லை. அது எரிந்து முடிகிற வரைக்கும் அப்படியே இருந்தார், நாங்களும் இருந்தோம்.