நரி பரியான ஊரில் ஒரு நிஜக் குதிரை வியாபாரம்

மதுரைக்காரர்களுக்கு நரி பரியான கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி மூலத் திருவிழாவில் வருடா வருடம் நடக்கிற லீலைதான். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கி வரச் சொல்லி மந்திரி வாதவூரரிடம் கருவூலப் பணத்தைக் கொடுத்து அனுப்புகிறான். போன மனிதர் திருப்பெருந்துறையில் அந்தப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டு மாணிக்கவாசகர் ஆகிவிடுகிறார். குதிரை எங்கே என்று மன்னன் கேட்க, சிவபெருமானே வியாபாரி வேஷத்தில் குதிரைகளோடு மதுரைக்கு வருகிறார். அன்று ராத்திரியே குதிரைகள் எல்லாம் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றன. மந்திரிக்குக் கிடைத்தது வைகை மணலில் தண்டனை.

பக்தியை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டு, வணிகவியல் மாணவன் கண்ணோடு இந்தக் கதையைப் பார்த்தால் என்ன தெரிகிறது? முன்பணம் கொடுத்தாயிற்று. சரக்கு தாமதம். வந்த சரக்கு பரிசோதனையில் பாஸ். ஒரே ராத்திரியில் பழுது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. திருவிளையாடல் கதையில் 'கயிறு மாறுதல்' என்று ஒரு சடங்கு வருகிறது. குதிரையின் கயிற்றை விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதன் பிறகு குதிரைக்கு என்ன ஆனாலும் விற்றவர் பொறுப்பில்லை!

கதை இருக்கட்டும். இதே பாண்டிய நாட்டில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், நிஜமாகவே ஒரு பிரம்மாண்டமான குதிரைக் கொள்முதல் வருடக்கணக்கில் நடந்தது. அந்தக் காலத்து ராணுவத் தளவாட இறக்குமதி அதுதான். அதன் ஷரத்துகளைப் பார்த்தால் நரிக் கதையே பரவாயில்லை என்று தோன்றும்.

ஏன் இறக்குமதி?

தமிழ்நாட்டுச் சமவெளியில் நல்ல போர்க்குதிரை வளராது. வெயில், புழுக்கம், மேய்ச்சல் நிலம் இல்லாதது என்று பல காரணங்கள். நெல்லும் பருத்தியும் விளைகிற மண் குதிரைக்கு ஒத்துவரவில்லை. அதனால் குதிரை என்றாலே கடல் வழியாக வருவதுதான் என்பது சங்க காலத்திலிருந்தே பழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டிகள்' வருகிறார்கள்.

பாண்டியர் பேரரசு உச்சத்தில் இருந்தபோது இந்தத் தேவை பல மடங்கு பெருகியது. சோழரையும் ஹொய்சளரையும் எதிர்த்து நிற்க வேண்டிய காலம். யானை இருந்தது, காலாட்படை இருந்தது. வேகம் வேண்டும் என்றால் குதிரைதான். வாங்கும் துறைமுகம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல். விற்கிறவர்கள் பாரசீக வளைகுடா வியாபாரிகள்.

இந்த வியாபாரத்துக்கு இரண்டு முக்கியமான சாட்சிகள் உண்டு. ஒருவர் 1290களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. இன்னொருவர் பாரசீகத்தில் இருந்துகொண்டே வரலாறு எழுதிய வஸ்ஸாப். ஒருவர் வாங்கிய இடத்தைப் பார்த்தவர், மற்றவர் விற்ற இடத்தில் கேட்டவர். இரண்டு பக்கக் கணக்குப் புத்தகமும் கிடைத்த மாதிரி!

ஒப்பந்தத்தின் ஷரத்துகள்

வஸ்ஸாப் சொல்லும் விவரம் இது. வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் பெரிய வியாபாரி ஜமாலுத்தீன். அவர் வருடத்துக்கு 1,400 குதிரைகளைத் தன் சொந்த லாயத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு அனுப்ப வேண்டும். அதோடு ஹோர்முஸ், பஹ்ரைன், கத்தீப் போன்ற இடங்களிலிருந்து எத்தனை கிடைக்குமோ அத்தனையும் சேர்த்து அனுப்பலாம். விலை நிரந்தரம்: ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார்.

இதுவரை சரி. அடுத்த ஷரத்துதான் விஷயமே. வழியில் குதிரை செத்துப் போனால் அதன் விலையையும் பாண்டியனின் கருவூலமே கொடுக்க வேண்டும்!

இன்றைய பாஷையில் சொன்னால், கடல் பயணத்தின் முழு ரிஸ்க்கும் வாங்குபவர் தலையில். மதுரையில் கயிறு மாறுவதற்கு முன்பே, சரக்கு கண்ணில் படுவதற்கு முன்பே, பொறுப்பு கை மாறிவிட்டது. புராணத்தில் வந்த வியாபாரியாவது குதிரையை மதுரை வரைக்கும் கொண்டுவந்து காட்டினார்.

இப்படி ஒரு ஷரத்து இருந்தால் விற்பவர் எப்படி நடந்துகொள்வார்? கப்பலில் இடம் பார்த்து அளவாக ஏற்ற வேண்டும், தீவனம் தண்ணீர் தாராளமாக எடுத்துப் போக வேண்டும் என்ற அக்கறை தானாகவே குறையும். கெட்டவர் என்று யாரையும் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தமே அப்படி நடக்கச் சொல்கிறது. இன்சூரன்ஸ் பாடத்தில் முதலில் சொல்லித் தருகிற ஆபத்து இது.

13ஆம் நூற்றாண்டில் பார்ஸ் ஆட்சியாளர் அபூபக்கர் காலத்தில், வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுக்கும் குஜராத்தின் காம்பே முதலிய துறைமுகங்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000 குதிரைகள் போனதாகவும், அதன் மொத்த விலை 22 லட்சம் தினார் என்றும் வஸ்ஸாப் எழுதுகிறார். பெருக்கிப் பாருங்கள்: 10,000 x 220 = 22,00,000. கணக்குப் பிசகாமல் வருகிறது. விலை பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய ஆள் மாதிரி இருக்கிறது. எண்ணிக்கையைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லியிருந்தாலும் வியாபாரத்தின் அளவு லேசானது இல்லை.

விற்பவரின் சகோதரர், வாங்குபவரின் மந்திரி

அடுத்த கேள்வி: இப்படிப்பட்ட ஷரத்துக்குப் பாண்டிய அரசு எப்படி ஒப்புக்கொண்டது?

பாண்டிய மன்னரிடம் மந்திரியாகவும் ஆலோசகராகவும் இருந்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். காயல் உட்பட துறைமுகங்களின் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. அவர் யார் என்றால்... கீஷ் வியாபாரி ஜமாலுத்தீனின் உடன்பிறந்த சகோதரர்!

டெண்டர் போடுபவரும் டெண்டரைத் திறப்பவரும் ஒரே குடும்பம். துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுச் சரக்கில் முதலில் தகியுத்தீனின் ஆட்கள் வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகே மற்றவர்கள் வாங்க முடியும் என்றும் வஸ்ஸாப் சொல்கிறார்.

இதை மதம் சம்பந்தப்பட்ட சதியாகப் பார்ப்பது தப்பு. கடல் வணிகத்தில் பழகிய, பல மொழி தெரிந்த, வளைகுடாவில் கடன் வசதி உள்ள குடும்பத்தின் உதவி அரசருக்குத் தேவைப்பட்டது. அவர்களும் தலைமுறையாகக் குதிரையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குறை எங்கே என்றால், விலை நியாயமா என்று கேட்க அரண்மனையில் வேறு ஆளே இல்லை. வாங்குபவர் பக்கம் உட்கார்ந்து பேரம் பேச யாரும் இல்லாத பேரம் அது.

வைத்தியரை மட்டும் அனுப்பாதே

மார்க்கோ போலோ சொல்வது இதைவிட வேதனை. மன்னர் வருடத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், அவருடைய நான்கு சகோதரர்களும் அதே போல வாங்குகிறார்கள். வருட முடிவில் 100 குதிரைகூட மிஞ்சுவதில்லை என்கிறார். கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று படிப்பார்கள். ஒரே வருடத்தில் 95 சதவீதம் தேய்மானம் எழுத வேண்டிய சொத்து இது!

காரணம்? குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை. பச்சைப் புல்லும் கொள்ளும் தின்ன வேண்டிய பிராணிக்கு வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் கொடுத்ததாகப் போலோ எழுதுகிறார். வறுத்த பார்லி, நெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று வஸ்ஸாப் எழுதுகிறார். இரண்டு பேரும் கேலியோடு எழுதியிருக்கலாம். விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி அருமையான சாப்பாடு போட்டே கொன்றிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிகிறது.

சரி, ஒரு குதிரை வைத்தியரையாவது கூட்டி வந்திருக்கலாமே? அங்கேதான் போலோ முக்கியமான விஷயத்தைச் சொல்கிறார். வியாபாரிகள் லாடம் அடிப்பவர்களையோ குதிரை வைத்தியர்களையோ இந்தப் பக்கம் வரவே விடுவதில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே அடுத்த வருட ஆர்டர் வரும்!

குதிரையை விற்றார்கள், குதிரையைக் காப்பாற்றும் அறிவை விற்கவில்லை. இந்த ஒற்றை வரிதான் மொத்த வியாபாரத்தின் ரகசியம்.

பணம் எங்கிருந்து வந்தது?

பாண்டிய நாடு ஏழை இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு. எடுக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு. மிளகு, துணி, சீனாவிலிருந்து வந்து மாறிப் போகிற சரக்கு என்று வரவு நிறைய. குதிரைக்கான செலவு கோயில் நிலங்களின் உபரி வருமானத்திலிருந்தும் தேவரடியார்கள் மீதான வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாகவும், அரசாங்கக் கருவூலத்துக்குச் சுமையே இல்லை என்றும் வஸ்ஸாப் எழுதுகிறார்.

'கருவூலத்துக்குச் சுமை இல்லை' என்பதைக் கவனிக்க வேண்டும். பட்ஜெட்டில் தெரியாத செலவை யாரும் குறைக்க மாட்டார்கள். வயலில் உழுதவன் கோயிலுக்கு அளந்த நெல், பல கை மாறி, கீஷ் தீவில் பொன்னாகப் போய்ச் சேர்ந்தது. மதுரைச் சமவெளியில் உழுதவனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

1311

மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குப் பிறகு யார் என்ற சண்டையில் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். 1310இல் தந்தையைச் சுந்தர பாண்டியனே கொன்றதாக வஸ்ஸாப் எழுதுகிறார். அடுத்த வருடம், 1311இல், அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரைக்கும் வந்துவிட்டார். அவர் வந்தபோது அரசர் நகரத்தில் இல்லை.

துவாரசமுத்திரம், பாண்டிய நாடு இரண்டிலும் சேர்த்து மாலிக் காபூர் கொண்டுபோன குதிரைகள் 5,000 என்கிறார் அமீர் குஸ்ரு. 20,000 என்கிறார் பரணி. இரண்டும் ஒத்துப்போகவில்லை. குறைந்த கணக்கையே எடுத்தாலும், 220 தினார் வீதம் 11 லட்சம் தினார் மதிப்புள்ள குதிரைகள் டெல்லிக்கு இலவசமாகப் போயின.

தோல்விக்குக் குதிரை மட்டும் காரணம் இல்லை. அண்ணன் தம்பி சண்டைதான் முதல் காரணம். ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். டெல்லிப் படைக்குக் குதிரை என்பது சின்ன வயதிலிருந்து பழகிய வாழ்க்கை. இங்கே அது வருடா வருடம் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. சரக்கை வாங்கலாம், பழக்கத்தை வாங்க முடியாது.

வாலைக் காட்டினால் பணம்

இந்த அனுபவத்திலிருந்து தென்னாடு பாடம் கற்றதா என்றால், இல்லை. 1485 முதல் 1491 வரை விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன், குதிரை வியாபாரிகளிடம் உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டான் என்று நூனிஸ் என்ற போர்ச்சுக்கீசியர் எழுதியிருக்கிறார். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை!

பாண்டியன் போட்ட அதே ஷரத்து. ஏறக்குறைய 200 வருடம் கழித்து. அந்த அரசனையும் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. குதிரை எதிரிக்குப் போய்விடக் கூடாது என்ற பயம் அவனுக்கு. பயத்தோடு கடைக்குப் போகிறவன் பேரம் பேச மாட்டான். பாதுகாப்புத் துறை வியாபாரம் மற்ற வியாபாரத்திலிருந்து வேறுபடுவது இங்கேதான்.

இன்றைக்கு

1986 மார்ச்சில் இந்தியா ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் போட்டது. லஞ்சப் புகார் கிளம்பி நிறுவனம் தடைசெய்யப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதனால் உதிரி பாகங்களுக்குத் திண்டாடியது அதிகம் பேசப்படவில்லை. ஆனால் பாண்டியனுக்குக் கிடைக்காத ஒன்று இந்த ஒப்பந்தத்தில் இருந்தது. பீரங்கியின் வரைபடங்கள்! வருடக்கணக்கில் தூங்கிய அந்தக் காகிதங்களிலிருந்துதான் ஜபல்பூரில் 'தனுஷ்' பீரங்கி உருவாகி, 2019 ஏப்ரலில் முதல் ஆறு பீரங்கிகள் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 33 வருடம் ஆனது. ஆனாலும் வைத்தியர் வந்து சேர்ந்துவிட்டார் என்று சொல்லலாம்.

அதே 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். அதில் மதுரை இல்லை. ஒரு காலத்தில் ராணுவக் கொள்முதலுக்கு இத்தனை பொன்னைக் கொட்டிய ஊர் அது.

எத்தனை வாங்கினோம், என்ன விலை என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. வழியில் செத்தால் யார் பொறுப்பு? வாங்கியதைப் பழுதுபார்க்க நம் ஊரில் யாருக்குத் தெரியும்? பேரம் பேசுகிறவர் யாருடைய ஆள்? பாண்டியன் இந்த மூன்றையும் கேட்கவில்லை. ஆவணி மூலத்துக்கு நரி பரியாவதைப் பார்க்கப் போகிறவர்கள், அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.