கள்ளுக்கடை மூடின சாயந்திரம்

சேலத்துக்காரங்களுக்கு சாயந்திரம்னா தட்டுவடை செட்டுதாங்க. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. கூடவே ஒரு டீ. நாமக்கல்ல லாரிப் பட்டறைல வேலை செய்யறவருக்கும் சரி, என்னை மாதிரி பொட்டி தட்டறவனுக்கும் சரி, போன உசுரு திரும்பி வர்றது அந்த நேரத்துலதான். ஆனா இந்த சாயந்திர டீ நாம நினைக்கிற அளவுக்குப் பழைய சமாச்சாரம் இல்லை.

சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820கள்லயே ஏற்காட்டுல காப்பி பயிர் பண்ண ஆரம்பிச்சுட்டார். கீழே காட்டுல களை வெட்டுறவர் தலையைத் தூக்கினா தெரியற மலைதான். ஆனா அந்தக் காப்பி இவருக்காக விளைஞ்சது இல்லை. இவருக்குப் பகல்ல கம்பங்கூழு, மோரு. பொழுது சாஞ்சா கள்ளு.

அதுக்குத்தான் 1937 அக்டோபர் 1ஆம் தேதி பூட்டு போட்டாங்க. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரான மூணு மாசத்துலயே, மாகாணத்துல முதல்முதலா மதுவிலக்கு வந்தது நம்ம சேலம் ஜில்லாவுலதான். இன்னிக்கு நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு பிரிஞ்சு கிடக்கறதெல்லாம் அப்போ சேலத்துக்குள்ளதான் இருந்துச்சு. அவர் சேலத்தை எடுத்துக்கிட்டதுல ஆச்சரியம் இல்லை. திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தை 1925ல ஆரம்பிச்சவர். அங்கிருந்து மதுவிலக்குக்குன்னே 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை நடத்தினார். அதுக்குக் கைகொடுத்தவர் நம்ம கல்கி.

சரி, கடையை மூடிடலாம். நாள் பூரா மண்வெட்டி பிடிச்ச உடம்பு சாயந்திரம் என்ன பண்ணும்? எனக்கு இந்த வரலாற்றுல முக்கியமாப் படற கேள்வி இதுதான். பஜனை, விளையாட்டுன்னு மாற்று ஏற்பாடுகளுக்கு ஊக்கம் கொடுத்தாங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்க லைசென்ஸ் கொடுத்தாங்க. சுண்ணாம்பு இருந்தா புளிக்காது, பதநீர். இல்லேன்னா கள்ளு. ஒரு விரல் சுண்ணாம்புதான் சட்டத்துக்கும் குத்தத்துக்கும் நடுவுல இருந்த எல்லை!

இதே காலத்துல இன்னொரு பக்கம் தேயிலை முதலாளிகளுக்குத் தலைவலி. உலகப் பொருளாதார மந்தத்துல விலை விழுந்து, 1933ல போட்ட சர்வதேச ஒப்பந்தத்தால ஏற்றுமதிக்கும் அளவு வெச்சாச்சு. மிச்சத் தேயிலையை யார் தலையில கட்டுறது? நம்ம தலையிலதான். ஊர் ஊராப் போய் டீ போட்டுக் காட்டி, ஓசியிலயே ஊத்திக் கொடுத்துப் பழக்கினாங்க. எங்க அப்பத்தா இன்னிக்கும் 'டீத்தண்ணி'ன்னுதான் சொல்லும். காலியான சாயந்திரத்துல மெல்ல வந்து உக்காந்துக்கிட்டது இந்தத் தண்ணிதான்னு நான் நினைக்கிறேன்.

கூத்து என்னன்னா, காந்தியின் ஆரோக்கியக் கணக்குல டீயும் காப்பியும்கூடத் தேவையில்லாத ஐட்டம்தான் :-)

இதுக்கு ரெண்டு பேர் விலை கொடுத்தாங்க. ஒண்ணு, மரமேறிப் பொழைச்சவங்க. பதநீர் லைசென்ஸ் வந்தாலும் கள்ளு கொடுத்த வருமானம் திரும்பி வரலை. இன்னொண்ணு நாம எல்லாரும். கள்ளுக்காசு போன ஓட்டையை அடைக்க 1939ல விற்பனை வரி வந்தது. போர்க்காலத்துல மதுவிலக்கை நிறுத்தி வெச்சாங்க, 1948ல மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தாங்க, 1971ல தளர்த்தினாங்க, அப்புறம் 1983ல டாஸ்மாக்கே வந்துடுச்சு. வரி மட்டும் பேரை மாத்திக்கிட்டு நிக்குது. கள்ளுக்கு 1987ல விழுந்த தடையும் அப்படியே நிக்குது.

வீட்டுக்கு வந்து சேராத கூலியைப் பாத்த பொம்பளைங்களுக்கு 1937 ஒரு விடுதலைன்னு நான் முழுசா நம்பறேன். அதே சமயம், உழைக்கிறவனோட சின்னச் சந்தோஷத்தைப் பிடுங்கறவங்க, அந்த இடத்துல வேற ஒண்ணை வெச்சுட்டுத்தான் நகரணும். சேலம் ஜில்லாவுல அதை முழுசா யோசிச்சது சர்க்கார் இல்லை. தேயிலை விக்க வந்தவனும், மூலைக்கு மூலை பாய்லர் வெச்ச டீக்கடைக்காரரும்தான்.