ஓரடுக்கு விமானமும் அதனை வடித்தோரும்

தில்லையடிக்கு அண்மையிலுள்ள பாலாவியில் ஒரு விமான ஓடுபாதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் புத்தளத்திலிருந்த பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் 'ராஜாலியா' எனப் பெயர் பெற்றிருந்தது. நாம் இராசாளி என்னும் பறவையைச் சுட்டும் சிங்களச் சொல் அது. அங்கு கோர்சயர் போர் விமானமொன்றை யானை இழுத்துச் செல்லும் காட்சி நிழற்படமாக எஞ்சியுள்ளது. அவ்விமானத்தின் இறக்கை ஓரடுக்கே. அந்நாளில் அஃது எவரையும் வியப்பில் ஆழ்த்தியிராது. ஆயினும், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே ஓரடுக்கு இறக்கை விமானிகளின் உயிரைக் குடிக்கும் அமைப்பென அஞ்சப்பட்டது. அவ்வச்சம் நீங்கிய வரலாறு சுவையானது மட்டுமன்று, படிப்பினையுமாகும்.

ஈரடுக்கு இறக்கையில் மேலடுக்கும் கீழடுக்கும் தூண்களாலும் கம்பிகளாலும் பிணைக்கப்படும். பாலத்தின் சட்டகம் போன்று அது உறுதியானது. ஆனால், அத்தூண்களும் கம்பிகளும் காற்றை எதிர்ப்பதால் எரிபொருள் விரயமாகும். நெடுந்தூரப் பறப்பை நாடியோர் ஓரடுக்கு இறக்கையை விரும்பியமைக்கு இதுவே காரணம்.

1909 ஜூலை 25 ஆம் நாள், பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ 25 குதிரைவலு இயந்திரம் பூட்டிய தமது ஓரடுக்கு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். புகழ் பெருகியது, விமானம் வாங்குவோரும் பெருகினர். பின்னர் அவ்விமானங்களின் இறக்கைகள் வானிலேயே முறிந்து விமானிகள் சிலர் மாண்டனர். பிளேரியோ பழியை விமானிகள்மீது சுமத்தவில்லை. இறக்கையை மேலிருந்து தாங்கும் கம்பிகள் வலுக்குறைந்தவை எனத் தாமே ஆராய்ந்து 1912 இல் பிரெஞ்சு அரசுக்கு அறிவித்தார். தமது வணிகத்துக்கே கேடு தரக்கூடிய அறிக்கை அது. பிரெஞ்சு இராணுவம் அவ்விமானங்களைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் பிரித்தானிய இராணுவ விமானப் பிரிவும் ஓரடுக்கு விமானங்களைத் தடைசெய்தது.

1927 மே மாதத்தில் லிண்ட்பேர்க் நியூயோர்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் தனித்துப் பறந்தார். அவர் பெயரை உலகறியும். அந்த ஓரடுக்கு விமானத்தை வடிவமைத்த டொனால்ட் ஹோலை எத்தனை பேர் அறிவர்?

இங்கிலாந்தின் ஜெப்ரி டி ஹவிலன்டின் நிறுவனம் உருவாக்கிய 'புஸ் மோத்' 1929 செப்டெம்பரில் முதன்முதலாகப் பறந்தது. மூடிய அறையும் உருக்குக் குழாய்ச் சட்டகமும் கொண்ட ஓரடுக்கு விமானம் அது. முன்னோக்கிய பார்வையை மறைக்காதவாறு இயந்திரம் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. எனினும் பழைய துயரம் மீண்டது. 1930 அக்டோபரில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒன்று வானிற் சிதைந்தது. வேறு சிலவும் அவ்வாறே அழிந்தன. நிபுணர்கள் சிதைவுகளை ஆராய்ந்தனர். இறக்கையைத் தாங்கும் சாய்சட்டம் வலுப்படுத்தப்பட்டது.

அவ்விமானமே நம் பிராந்தியத்திற்கும் வந்தது. 1932 அக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு புஸ் மோத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனை எடுத்துச் சென்றார். 1935 நவம்பர் 27 ஆம் நாள் இரத்மலானையில் முதன்முதலாகத் தரையிறங்கிய விமானமும் புஸ் மோத்தே. அதனைச் செலுத்தி வந்தவர் சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. தலைமன்னார்த் துறையைப் பெரிதும் நம்பியிருந்த இந்திய - இலங்கைத் தொடர்புக்கு வான்வழியும் திறந்தது. 1938 இல் டாட்டாவின் விமானத் தபாற் சேவை கொழும்பை எட்டியது.

சாதனைப் பறப்புகளை வரலாறு விரிவாகவே எழுதியுள்ளது. ஆனால் ஓரடுக்கு இறக்கையை நம்பத்தக்கதாக்கியது துணிவு மாத்திரமன்று. தம் படைப்பின் குறையை மறைக்காது ஒப்புக்கொண்ட நேர்மையும், முறிந்த துண்டுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்த உழைப்புமே அதனை வலுப்படுத்தின. பாலாவி ஓடுபாதையைக் காணுந்தோறும் விமானிகளோடு அப்பெயர் அறியப்படாத உழைப்பாளரையும் நினைவுகூர்தல் நம் கடனாகும்.