எரிவாயுக் குழாய் விவாதம் (தமிழ்நாடு)

கொச்சியிலிருந்து பெங்களூருக்கு இயற்கை எரிவாயு கொண்டுசெல்ல, பொதுத்துறை நிறுவனமான கெயில் வகுத்த குழாய்ப் பாதையைச் சுற்றி எழுந்த நில, நிதிச் சர்ச்சை. தமிழகத்தில் சுமார் 310 கி.மீ. நீளப் பாதை, கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களின் விளைநிலங்களை ஊடறுத்தது.

சிக்கலின் வேர் 1962-ஆம் ஆண்டின் குழாய்ப் பாதைச் சட்டம். நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் கைமாறும். இழப்பீடு சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. குழாய் போன பட்டையில் சோளம் விதைக்கலாம். தென்னை வைக்கவோ கிணறு வெட்டவோ வீடு கட்டவோ முடியாது. தென்னையை நம்பிய கொங்கு வட்டாரத்தில் இதை ஏறக்குறைய நிலப்பறிப்பு என்றே சொல்லலாம்.

2013-இல் ஜெயலலிதா அரசு பணியை நிறுத்தி, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும், 2016 பிப்ரவரி 2-இல் உச்ச நீதிமன்றமும் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. இடையில், 2014 ஜூனில் ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்துப் பலர் இறந்தது அச்சத்தைக் கூட்டியது.

வடக்கே கெயிலின் ஜகதீஷ்பூர்–ஹால்தியா குழாய்க்கு மத்திய அரசு 2016-இல் ரூ.5,176 கோடி, அதாவது மூலதனச் செலவில் 40 விழுக்காடு, மானியம் ஒதுக்கியது. குழாய்க்குக் கிடைத்த தாராளம் இழப்பீட்டு விகிதத்துக்குக் கிடைக்கவில்லை.

தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்திலோ விவாதம் குழாயை அல்ல, எண்ணெய்-எரிவாயுக் கிணறுகளைப் பற்றியது. அத்தகைய புதிய கிணறுகளைத் தடுக்கும் 2020-இன் காவிரிப் படுகை வேளாண் மண்டலச் சட்டத்தில் அம்மாவட்டம் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அங்கே 10 ஆய்வுக் கிணறுகள் தோண்டப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. கேட்ட அனுமதி 2021 ஜூனில் மறுக்கப்பட்டது.